இரண்டாவது ஆளுக்கு ஒரு ஒன்ஸ் மோர்

இந்த ஊரில் சினிமா பார்க்க உட்கார்ந்தால் இருமலைக்கூட அடக்கிக்கொள்ள வேண்டும். டெக்ஸாஸ் மாநிலம் ரிச்சர்ட்சனில், என் வீட்டுக்குப் பக்கத்து நூலகத்தில், சனிக்கிழமை மதியம் பழைய ஹாலிவுட் ஆட்டபாட்டப் படங்களை இலவசமாகப் போடுகிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். ஐம்பதைக் கடந்த நான்தான் அங்கே சின்னப் பையன். கதாநாயகன் திரையில் வருகிறான், ஒரு கைதட்டல் கிடையாது. நாயகி மாடிப்படியில் சுழன்று சுழன்று இறங்குகிறாள், ஒரு விசில் கிடையாது. படம் முடிந்ததும் நாற்காலிச் சத்தம்கூட வராமல் எழுந்து அவரவர் காரில் ஏறிப் போய்விடுகிறார்கள். எங்கள் மதுரையில் சாவு வீட்டில்கூட இதைவிடக் கலகலப்பு இருக்கும்.

உண்மையைச் சொன்னால் நான் அங்கே போக ஆரம்பித்தது படத்துக்காக அல்ல, நாலு பேர் மூச்சு விடுகிற அறையில் உட்காரலாமே என்பதற்காக. என் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டதால் மனைவி சுமதி போன வருஷம் மதுரைக்குப் போனாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். மகள் நியூஜெர்சியில் காலேஜ் படிக்கிறாள். எனக்கு வீட்டிலிருந்தே வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பை மூடினால் திங்கட்கிழமை வரை என் குரலை நானே கேட்பதில்லை. தனிமை என்றதும் கவிதை எழுதுகிற தனிமை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு ஆளுக்கு எதற்கு ரசம் என்று புளியைத் திரும்ப டப்பாவில் போட வைக்கிற தனிமை. இதற்கிடையில் வீட்டு லீஸ் இந்த மாதத்தோடு முடிகிறது. "புதுப்பிக்கப் போறீங்களா, இல்ல காலி பண்ணிட்டு இங்க வந்துரப் போறீங்களா? எதையாச்சும் ஒண்ணச் சொல்லுங்க," என்று சுமதி கேட்டு வாரக்கணக்காகிறது. பார்க்கலாம், பார்க்கலாம் என்று நானும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் படங்களில்தான் அவனைக் கண்டுபிடித்தேன். காலமாகிப் பல வருஷமான மனிதர், ஆனாலும் ரசிகன் என்கிற உரிமையில் அவன் என்றே சொல்கிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை, சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. இங்கே இருப்பவர்களுக்கே தெரியவில்லை. பார்த்த ஐந்தாறு படங்களிலும் அவன் கதாநாயகனின் நண்பன். நீளக் கழுத்து, விரிந்த காது, முன்னால் ஏறிப்போன நெற்றி. அந்த முகத்தை வைத்துக்கொண்டு நாயகியின் கையைப் பிடிக்க எந்தப் பட முதலாளியும் விடமாட்டார். குரலும் மெலிசுதான். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் குழந்தைக்கு ஊட்டுவதுபோலப் பதமாக ஆற்றிக் கொடுப்பான். ஆட்டமோ, கேட்கவே வேண்டாம். அத்தனை உயரத்திலிருந்து இறங்குவான், தரைக்கே சேதி போகாது.

மூன்றாவது படத்தில்தான் அந்த விஷயம் கண்ணில் பட்டது. நாயகனும் அவனும் தோளோடு தோள் சேர்ந்து ஆடுகிற பாட்டு. நாயகன் இவனைவிடக் குள்ளம். பாட்டு முழுக்க இவன் முழங்காலை லேசாக மடக்கியே வைத்திருக்கிறான். குதிக்கும்போதும் தன் தலை நாயகனின் தலைக்கு மேலே போகாமல் பாதி உயரத்தில் குதிப்பை முடித்துக்கொள்கிறான். முகத்தில் மட்டும் சிரிப்புக் குறையவில்லை. தெரிந்த ஆட்டத்தைக் குறைத்து ஆடுவது எவ்வளவு கஷ்டம் என்று ஆடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். இருபது வருஷமாக ஆபீஸ் மீட்டிங்குகளில் வாய்வரை வந்த ஜோக்கை விழுங்கிப் பழகியவன் என்பதால் எனக்கு அது சட்டென்று பிடிபட்டது.

யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டுமே. மகளுக்கு அந்தப் பாட்டை அனுப்பினேன். "நைஸ், அப்பா. ஹூ இஸ் ஹீ?" என்று பதில் வந்தது. ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதினேன், அதற்கு ஒரு கட்டைவிரல் வந்தது. சுமதி கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். "எல்லாப் படத்துலயும் அந்தாளு தனியாத்தானே போறாரு? அதைப் போயி வாரா வாரம் பாக்கணுமாக்கும்," என்றாள்.

நூலகத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலி டோரதி அம்மாவுக்கு. வீட்டிலிருந்து ஒரு குஷனை இடுக்கிக்கொண்டு வந்து போட்டு உட்காருவார். என் அம்மா வயது, பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை என்பதால் நான் எப்படியுமே கூப்பிடுவதில்லை. எத்தனையோ சனிக்கிழமைகள், எங்களுக்குள் ஹலோவையும் வெயிலையும் தாண்டிப் பேச்சு போனதில்லை.

போன சனிக்கிழமைப் படத்தில் ஒரு துறைமுகக் காட்சி. நாயகனும் நாயகியும் கப்பல் ஏறுகிறார்கள். அவர்களுடைய பெட்டிகளை இவன் ஆடிக்கொண்டே ஏற்றுகிறான். கரையிலிருந்து கப்பலுக்கு ஒரு தாவல், கப்பலிலிருந்து கரைக்கு ஒரு தாவல், கையில் பெட்டி, வாயில் பாட்டு. ஜோடி உள்ளே போய்விட்டது. திரையில் அவன் மட்டும்தான். பக்கத்தில் யாருமில்லாததால் முதன்முறையாக முழங்காலை நிமிர்த்தி முழு உயரத்துக்குக் குதித்தான். அடேயப்பா, இத்தனை நாள் இதையா ஒளித்து வைத்திருந்தாய் என்று ஆகிவிட்டது. பாட்டு முடிந்ததும் எழுந்து நின்று "ஒன்ஸ் மோர்!" என்று கத்திவிட்டேன்.

கல்யாணமான புதிதில் மதுரையில் ஒரு தியேட்டரில் சுமதி இப்படிக் கத்தியிருக்கிறாள். பெண்கள் கத்துகிற வழக்கமில்லாத நாட்கள். நான் வெட்கத்தில் இருக்கைக்கு அடியில் போகாத குறை. மொத்தக் கொட்டகையும் அவளோடு சேர்ந்துகொள்ள, ஆபரேட்டர் படத்தை நிறுத்தி அந்தப் பாட்டை மறுபடி போட்டார். அவள் கத்தியது நாயகனுக்காகக்கூட இல்லை, பின்வரிசையில் ஆடிய ஒரு பெண்ணுக்காக. இது எனக்கே அந்த நூலகத்தில் நிற்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

இங்கே யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. படம் போடுகிற பெண்மணி பதறிப்போய்ப் படத்தைக் கொஞ்சம் பின்னால் ஓட்டி நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"ஆர் யூ ஓகே, சார்? டிட் யூ மிஸ் சம்திங்?"

"நோ, நோ. ஐ சா இட் வெரி வெல்."

"ஓ. தென்... ஒய் அகெய்ன்?"

பார்க்காமல் விட்டவன்தான் திரும்பக் கேட்பான் என்பது அவர் கணக்கு. நன்றாகப் பார்த்தவன்தான் கேட்பான் என்பது எங்கள் கணக்கு. இதை நான் திக்கித் திணறி விளக்கிக்கொண்டிருந்த நேரமெல்லாம் திரையில் அவன் அசையாமல் நின்றான். நின்றான் என்பதுகூடத் தப்பு. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே, கையில் பெட்டியோடு, இரண்டு காலும் அந்தரத்தில். அவன் முழங்காலைப் பற்றி நான் சொல்லி முடித்ததும் டோரதி அம்மா, "லெட் ஹிம் சீ இட், ஹனி. ஐ வான்ட் டு சீ இட் டூ," என்றார். பாட்டை முதலிலிருந்து போட்டார்கள்.

முடிந்தபோது டோரதி அம்மா என் கையை மெல்லத் தட்டினார். சின்ன வயதிலிருந்தே பார்க்கிற படமாம், கணவர் இருந்தபோது வருஷம் ஒரு தடவையாம். "ஐ நெவர் ஒன்ஸ் லுக்ட் அட் ஹிம்," என்றார். அன்றைக்கு அவர் குஷனை நான்தான் கார்வரை எடுத்துப்போனேன். பத்து நிமிஷம் வெயிலில் நின்று அவனைப் பற்றியே பேசினோம். சந்தோஷமாக இருந்தது. கார் போனதும் அந்தப் பார்க்கிங் முன்பைவிடக் காலியாக இருந்தது.

மதுரையில் விடியும்வரை காத்திருந்து சுமதியைக் கூப்பிட்டேன். நான் கத்தினேன் என்றதும் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நீங்களா? சும்மா சொல்லாதீங்க." அந்தரத்தில் நின்றதைச் சொன்னபோது சிரிப்பு நின்றது.

"எவ்வளவு நேரம் அப்பிடியே நின்னாரு?"

"நான் பேசி முடிக்கிறவரைக்கும்."

"பாவம்," என்றாள். அவள் பக்கத்தில் மாமியார் தண்ணீர் கேட்கிற சத்தம் வந்தது. கொடுத்துவிட்டு வந்தாள்.

"கடைசியில எந்தப் பக்கம் எறங்குனாரு? கப்பல்லயா, கரையிலயா?"

யோசித்தேன். முதல் தடவை அவன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவை, அவனைப் பார்க்கிறாரா என்று டோரதி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியல சுமதி," என்றேன். "அதை மட்டும் பாக்காம விட்டுட்டேன்."

லீஸைப் பற்றி அவள் கேட்கவில்லை, போனையும் வைக்கவில்லை. அவள் பக்கம் சேவல் கூவியது. என் பக்கம் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது.