ஒரு குறையும் வைக்காத வீடு

மன்னார்குடியில் என் கிளினிக்குக்கு வருகிறவர்கள் யாரும் மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. நான் மனநல மருத்துவர் என்றாலும், ஊரில் நரம்பு டாக்டரம்மா என்றுதான் எனக்குப் பெயர். தூக்கம் வரவில்லை, பசிக்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று ஆரம்பிப்பார்கள். மீதியை நான்தான் மெல்லப் பிடித்து இழுக்க வேண்டும். எனக்கோ பொறுமை கொஞ்சம் கம்மி.

ஒருநாள் வந்த அம்மாள் பக்கத்துக் கிராமம். வெகு வருஷம் சவுதியில் டிரைவராக இருந்த கணவரை அழைத்து வந்திருந்தார். விசாவை கேன்சல் செய்துகொண்டு ஊரோடு வந்துவிட்ட மனிதர். வந்த புதிதில் நன்றாகத்தான் இருந்திருக்கிறார். பிறகு சாப்பாடு குறைந்தது, தூக்கம் போயிற்று, பேச்சு நின்றது. இப்போது திரும்பிப் போகிறேன், பாஸ்போர்ட்டை எடு என்கிறாராம். சர்க்கரையும் இருதயத்தில் ஒரு அடைப்பும் வேறு இருந்தன.

"வீட்டுல அவருக்கு ஒரு குறையும் வைக்கலங்க டாக்டர். ஒரு துரும்ப எடுத்துப் போட விட்டதில்ல," என்று அந்த அம்மாள் அழுதார்.

கணவரைத் தனியாக வைத்துக்கொண்டு கேட்டேன். "நான் இல்லாமயே வீடு நல்லா ஓடுதுங்க. நடுவுல நான் எதுக்கு? பேசாம போய்ச் சேந்துடலாமான்னு இருக்கு," என்றார். சவுதிக்கா, இல்லை சாக வேண்டும் என்றா என்று நேராகவே கேட்டேன். "ரெண்டும்தாங்க தோணுது," என்றார்.

இந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்விகளைப் புத்தகங்கள் சொல்லித் தந்திருக்கின்றன. அதையெல்லாம் கேட்டு முடித்தேன். பிறகு அந்த அம்மாளை உள்ளே கூப்பிட்டு, எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்றைக் கேட்டேன்.

"இவருக்குக் காப்பி எதுல குடுப்பீங்க?"

"கப்பு சாஸர்லதாங்க," என்றார், அழுகையிலும் கொஞ்சம் பெருமையோடு. "நாங்கள்லாம் எவர்சில்வர் டம்ளர்தான். அவருக்குன்னு தனியா வச்சிருக்கேன்."

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கப் இருந்தது.

நான் முத்துப்பேட்டைக்காரி. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தாவும் சவுதியில்தான், தம்மாமில் ஒரு கடையில் வேலை பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். வந்ததும், அவரே வாங்கி வந்த பூப்போட்ட கப் ஷோகேஸை விட்டு இறங்கும். விருந்தாளிகளுக்கும் அத்தாவுக்கும் மட்டும்தான் அது. தினம் கறி, தினம் மீன். நாங்கள் சத்தம் போடக்கூடாது, அடித்துக்கொள்ளக்கூடாது. அண்ணன் பத்தாவதில் ஃபெயிலானது, நான் டைஃபாய்டில் கிடந்தது, எதுவும் அவர் காதுக்குப் போகாது. அத்தாவின் போனுக்காக எஸ்.டி.டி. பூத்துக்குப் போகிற வழியிலேயே அம்மா பாடம் நடத்துவார்: "நல்லா இருக்கோம்னு மட்டும் சொல்லு. பாவம், அங்க ஒத்தையில கெடக்குறாங்க." எல்லாம் அன்புதான். அதில் எனக்குத் துளி சந்தேகம் கிடையாது.

நான் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது அத்தா ஒரேயடியாக முடித்துக்கொண்டு வந்தார். சில மாதங்கள் ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வீடு அவரைச் சுற்றிச் சத்தமில்லாமல் நடந்தது. ஒருநாள் புது விசா எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். காசாசை என்று ஊர் பேசியது. அங்கேயே மௌத்தானார், அங்கேயே அடக்கம். ஊரோடு வந்துவிட்ட பிறகும் லீவில் வந்தவரைப் போலவே நாங்கள் அவரை உபசரித்துக்கொண்டிருந்தோம் என்பது, வைத்தியம் பார்க்க உட்கார்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

அந்த மனிதருக்கு மாத்திரை எழுதினேன். மாத்திரை வேண்டாம், பேச்சே போதும் என்று சொல்ல நான் சாமியார் இல்லை. அவரைப் பிரஷர் பார்க்க வெளியே அனுப்பிவிட்டு, அந்த அம்மாளிடம், தனியாக விடாதீர்கள், பூச்சி மருந்தைப் பூட்டி வையுங்கள் என்றேன். அப்புறம், "அவருகிட்ட என்ன மறைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். கும்பகோணத்தில் கட்டிக்கொடுத்த மகளை மாப்பிள்ளை அடிக்கிறானாம். "இப்பப் போயி இதச் சொன்னா உசிரையே விட்டுடுவாருங்க."

"சொல்லாட்டிதான் விட்டுடுவாரோன்னு எனக்குப் பயமா இருக்கு. இங்கயே, என் முன்னாலயே சொல்லுங்க."

தைரியமாகச் சொல்லிவிட்டேனே தவிர, செய்வது சரியா தவறா என்று எனக்கே தெரியாது. கணவர் வந்து உட்கார்ந்தார். அந்த அம்மாள் முந்தானையைத் திருகிக்கொண்டே சொல்லி முடித்தார்.

"எப்பலேருந்து?" என்றார் அவர்.

"கல்யாணமான வருஷத்துலேருந்தே."

"நான் லீவுல வந்தப்ப?"

"அப்பவும்தான்."

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?" குரல் கதவுக்கு வெளியே கேட்டிருக்கும். இத்தனை நாளும் அவரிடம் அதிர்ந்து பேசாத அந்த அம்மாளும் குரலை உயர்த்தினார்: "சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? வந்திருப்பீங்களா?"

அவர் நான் இருப்பதையே மறந்துவிட்டு மனைவியைப் பார்த்தார். "வந்திருப்பேன்டி," என்றார்.

கிளினிக்கிலிருந்தே இருவரும் கும்பகோணம் பஸ் ஏறி மகளை அழைத்து வந்ததாக அடுத்த முறை சொன்னார்கள். மாத்திரையை நிறுத்த வெகு மாதங்கள் ஆயிற்று. பாஸ்போர்ட் பேச்சு மட்டும் அதற்குப் பிறகு எழவில்லை.

அன்று அவர்கள் போன பிறகு அடுத்தவரை உடனே கூப்பிட என்னால் முடியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வந்திருப்பீங்களா என்று அத்தாவிடம் எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவரும் அதையேதான் சொல்லியிருப்பார்.