இரண்டாம் பாகத்தில் அம்மா இல்லை

தையல்காரர் ஒரு வரிசையையே பிடித்து வைத்திருந்தார். சனிக்கிழமை மதியக் காட்சி. மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். மாடி வீட்டு டீச்சர் வந்திருந்தார். சித்தி, முட்டிவலியோடு கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியேறி வந்து சேர்ந்தாள். யாருக்கும் ஜாம்பிப் படம் பார்க்கும் ஆசையில்லை. அம்மா போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவள் குரலைக் கடைசியாக ஒருமுறை கேட்டுவிடலாம் என்று வந்தவர்கள்.

அந்தக் குரல் படத்தில் இல்லை. அந்த வரிசையில் அது மகளுக்கு மட்டும்தான் தெரியும். அதை நீக்கியதே அவள்தான்.

அம்மா டப்பிங் பேசுகிறவள். கதாநாயகிக்குப் பேசியதில்லை, கதாநாயகியின் தோழிக்கும் பேசியதில்லை. கூட்டத்தில் ஒருத்தி, போனின் மறுமுனையில் ஒருத்தி, பிரசவ அறைக்குள் கத்துகிறவள். பல வருடம் இப்படியே ஓடியது. பிறகு அந்தச் சின்னப் படம் வந்தது. செத்தவர்கள் எழுந்து ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நடைவழியில் மெதுவாக நடந்து வருவார்கள், அவ்வளவுதான் கதை. பிணத்துக்கு ஓர் ஆள் என்று பிடிக்க வசதியில்லை. எல்லாப் பிணத்துக்கும் அம்மாவையே முனகச் சொல்லிவிட்டார்கள்.

அம்மா சும்மா முனகவில்லை. ஒவ்வொரு பிணத்துக்கும் ஒரு வாக்கியம் வைத்துக்கொண்டாள். டை கட்டியவனுக்கு, "சாவிய எங்க வெச்சேன்?" நைட்டி போட்டவளுக்கு, "அடுப்ப அணைச்சேனா?" உதட்டை மூடிக்கொண்டு அதைத் தொண்டைக்குள்ளேயே சொல்வாள். வெளியே வருவது முனகல்தான். ஆனால் அந்த முனகல் எதையோ கேட்டது. படம் பார்த்தவர்களைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான்.

படம் சக்கைப்போடு போட்டது. ஸ்டுடியோவில் அம்மாவின் பெயர் முனகலக்கா ஆயிற்று. காலையில் மகளை எழுப்புவதும் முனகித்தான். கதவிடுக்கில் ஒரு கை மட்டும் நீளும், பின்னாலேயே முனகல் வரும். பள்ளிக்கூடத்தில் யாராவது, "உங்கம்மா என்ன வேலை பாக்கறாங்க?" என்று கேட்டால், மகள், "செத்தவங்களுக்குப் பேசறாங்க" என்பாள். வகுப்பே ஆடிப்போகும்.

அந்த மகள் எலெக்ட்ரானிக்ஸ் படித்தாள், ஒலிப்பதிவு கற்றாள், ஒலி வடிவமைப்பாளர் ஆனாள். இரண்டாம் பாகம் பெரிய செலவில், வேறொரு இயக்குநரோடு வந்தபோது வேலை அவளிடம் வந்தது. அம்மாவையும் பேசக் கூப்பிட்டார்கள். நுரையீரல் அதற்குள் கெட்டுப்போயிருந்தது. அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு நாள் பேசிவிட்டு வந்தாள். "செகண்ட் பார்ட்லயும் நான்தான்" என்று தெரு முழுக்கச் சொல்லியும் விட்டாள்.

இயக்குநர் கண்ணை மூடி எல்லாவற்றையும் கேட்டார். மகளிடம் திரும்பி, "நீங்க என்ன நினைக்கறீங்க?" என்றார். அவர் நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. அவள் முந்திக்கொண்டாள்.

"மூச்சு பத்தல சார். வேற ஏதாவது போட்டுடலாம்."

சொன்னது பொய்யில்லை. கணினியில் ஒலியின் அலைவடிவத்தைப் பார்த்தாலே தெரிந்தது: ஒவ்வொரு முனகலும் பாதி வழியில் சரிந்தது. ஆனால் அவளைச் சொல்ல வைத்தது அலைவடிவம் இல்லை. அம்மா என்பதற்காக வைத்துக்கொண்டாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அந்தப் பயம்.

அன்று மாலையே தன் தொண்டையில் நாலு கத்தல் கத்திப் பதிவு செய்தாள். சுருதியை இறக்கினாள். ஒட்டகக் கத்தல் ஒன்றைச் சேர்த்தாள், ஷட்டர் இழுக்கும் சத்தத்தைச் சேர்த்தாள். இயக்குநர் துள்ளிக் குதித்தார்.

மருத்துவமனையில் அம்மா ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டுக் கேட்டாள்: "என் பொணமெல்லாம் எப்படி இருக்கு?"

"நல்லா வந்திருக்கும்மா."

"அந்த ஓடற பையனுக்குச் சரியா வரலடி. இன்னொரு டேக் தரேன்னு சொல்லு."

"போதும்மா. ஓகே ஆயிடுச்சு."

அம்மாவின் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல வழியில்லாமல் போயிற்று. அடுத்த வாரம் அம்மாவே இல்லை.

விளக்கு அணைந்தது. இந்தப் படத்தில் செத்தவர்கள் ஓடினார்கள். சுவர் ஏறினார்கள். முதல் பாகத்தில் சத்தமில்லாத இடம்தான் அதிகம்; நடைவழியின் கோடியில் முனகல் கேட்கும், நின்றுபோகும், மறுபடி எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருக்க வேண்டும். இதில் காத்திருக்க ஓர் இடமும் இல்லை. இருந்த இடத்தையெல்லாம் அவள்தான் அடைத்திருந்தாள்.

முதல் உறுமல் வந்ததும் தையல்காரர் மருந்துக்கடைக்காரரை இடித்தார். "அக்கா! அக்கா!"

"இதுவா? இது ஏதோ மாடு மாதிரி இருக்கே."

"வாய மூடுய்யா. கவனிச்சுக் கேளு, அடியில அக்கா இருக்காங்க."

சித்தி இருட்டில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு உறுமலுக்கும் பிடி இறுகியது. "அவளேதான். தொண்டைய இப்படித்தான் கட்டிப்பா" என்று முணுமுணுத்தாள். மகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை இழுத்துக்கொள்ளத் தைரியம் வரவில்லை.

இடைவேளையில் எல்லோரும் காபியோடு ஜன்னலோரம் நின்றார்கள். மருந்துக்கடைக்காரர்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"மொதப் படம் பாத்துட்டு ஒரு வாரம் பாத்ரூமுக்கு இவளக் கூட்டிட்டுத்தான் போனேன்."

"இப்பவும் அப்படித்தான்" என்றாள் அவர் மனைவி.

தையல்காரர் சிரிக்கவில்லை. "அதுல அந்த நைட்டி போட்ட பொணம் இருக்கு பாருங்க, அதுகிட்ட போயி என்னம்மா வேணும்னு கேட்டுடலாம்போல இருக்கும். இதுல எல்லாம் வெறிநாய். பயமில்ல, காதுதான் வலிக்குது." மகளைப் பார்த்ததும் குரலை இறக்கினார். "உங்க வேலையச் சொல்லலம்மா. அக்காவுக்கு உடம்பு அப்படி இருந்துச்சு. அவங்களும் என்ன பண்ணுவாங்க?"

"ஆமா" என்றாள் சித்தி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கடைசியில அவளால முடியல, பாவம். மொதப் படத்துல எப்படிப் பேசினவ! இதுக்குப் போகாமலே இருந்திருக்கலாம்."

டீச்சரும் தலையாட்டினார். படம் கெட்டுப்போன பழியை அம்மாவின் தலையில் போட்டு, அவளை மன்னித்தும் விட்டார்கள். எல்லாம் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள். மகள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அது அப்படியே நின்றுவிடும்.

"அது அம்மா குரல் இல்ல" என்றாள் மகள்.

யாருக்கும் புரியவில்லை.

"அம்மா பேசினது எதுவுமே படத்துல இல்ல. நான்தான் எடுத்துட்டேன். மூச்சு பத்தலன்னு சொன்னேன். யாரும் கேக்கல, நானாத்தான் சொன்னேன்."

தையல்காரர் காபிக் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தார். "அப்ப அங்க கத்தறது யாரு?"

"நான். கொஞ்சம் ஒட்டகம்."

இன்னொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். சித்தி மட்டும் அவள் முகத்தையே பார்த்தாள்.

"அவகிட்ட சொன்னியா?"

"இல்ல சித்தி. நல்லா வந்திருக்குன்னு சொன்னேன்."

"நம்பினாளா?"

"நம்பினாங்க."

மணி அடித்தது. டிக்கெட் எடுத்தாயிற்றே என்று எல்லோரும் உள்ளே போனார்கள். இரண்டாம் பாதியில் யாரும் யாரையும் இடிக்கவில்லை. உறுமல் வரும்போதெல்லாம் வரிசை அசையாமல் இருந்தது. தன் தொண்டை மகளுக்கே கேட்கச் சகிக்கவில்லை. சித்தியின் கைகள் சித்தியின் மடியிலேயே இருந்தன.

படம் முடிந்து கூட்டம் கலைந்தது. பெயர்கள் மேலே ஏறின. ஒலி வடிவமைப்பு என்று வந்து, அதன் கீழே மகளின் பெயர் வந்தது. தையல்காரர், "நம்ம பொண்ணுய்யா!" என்று கைதட்டினார். டீச்சர் தட்டினார், மருந்துக்கடைக்காரரும் மனைவியும் தட்டினார்கள். அதில் குத்தல் எதுவும் இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இருக்கைக்குள் கூனிக் குறுகிப்போனாள்.

"போலாம் சித்தி."

"இரு. இன்னும் பேர் வருதுல்ல."

சித்தி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். ஒவ்வொரு பெயரையும் உதட்டை அசைத்துப் படித்தாள். வண்டி ஓட்டியவர்கள் வந்தார்கள், விளக்குப் பிடித்தவர்கள் வந்தார்கள், சாப்பாடு போட்டவர்கள் வந்தார்கள். திரை வெறுமையான பிறகுதான் எழுந்தாள்.

"ரொம்ப வேகமா ஓட்டிட்டான்" என்றாள். "எனக்குப் பாதி படிக்கவே முடியல. அவ பேரு நடுவுல எங்கேயாவது வந்திருக்கும்."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சித்தி அதற்குத்தான் இடம் கொடுத்தாள்.

"வரல சித்தி. நான் எழுதிக் குடுக்கல."

சித்தி தலையாட்டினாள். மகள் கையை நீட்டினாள். அதைப் பிடிக்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு, சித்தி ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.