அப்டேட்டோடு வந்த காது

“அக்கா, உங்கட லப்டொப்பில இன்டர்நெட்டை முதல்ல நிப்பாட்டுங்கோ. பிறகு கதைக்கிறன்.”

போன கிழமை சுகந்தி இப்படித்தான் கோல் எடுத்தாள். புதுக்குடியிருப்பில் இருக்கிறாள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் சொல்வதைக் குரலாகப் பதிந்து வைப்பவள்.

நடந்தது இதுதான். துணுக்காயில், காணாமல் ஆக்கப்பட்ட மகளைத் தேடும் மகேஸ்வரி அம்மாவின் வீட்டுக்கு அறிமுகமில்லாத ஒருவர் வந்திருக்கிறார். மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார். போகும்போது, “உங்கட மகள் கடைசியாப் போட்டிருந்தது பச்சைச் சட்டைதானே?” என்று கேட்டாராம்.

பச்சைச் சட்டை... அம்மா அதைச் சொன்னது சுகந்தி ஒருத்தியிடம்தான்!

அம்மா உடனே சுகந்திக்குக் கோல் எடுத்தார். “உன்னை நம்பித்தானே பிள்ளை சொன்னனான்?” அதோடு வைத்துவிட்டார்.

கிளிநொச்சியில் கொம்பியூட்டர் தெரிந்த நண்பர் ஒருவர் சுகந்தியின் லப்டொப்பை ஆராய்ந்தார். அம்மா சொன்னது வெளியே போன வழி எது தெரியுமா? தமிழில் டைப் செய்ய நாங்கள் எல்லோரும் பாவிக்கிற மென்பொருள்! அதை உருவாக்கியவர்கள் பாவம், அவர்களுக்கே தெரியாது. யாரோ அவர்களுடைய சேர்வருக்குள் புகுந்து, அப்டேட்டோடு ஓர் உளவு புரோகிராமையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். எல்லோருக்கும் வந்தது. சிலரிடம் மட்டும் விழித்துக்கொண்டது. பாங்க் பாஸ்வேர்டைத் தொடவில்லை. தாய்மாரின் குரல்களை அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. காசுக்கு வந்த கள்வன் இப்படிச் செய்வானா? இது அரசியல். யாருடையது என்பதுதான் தெரியவில்லை.

என் லப்டொப்பிலும் அது இருந்தது — ஆழ்ந்த உறக்கத்தில். இத்தனை வருடமாகப் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவளை ஒட்டுக்கேட்க ஆளில்லை என்பது கொஞ்சம் அவமானம்தான்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் துணுக்காய்க்கு பஸ் ஏறினோம். அம்மா உட்காரக் கதிரை தந்தார், முகம் தரவில்லை. சுகந்தி நடந்ததையெல்லாம் சொன்னாள். பாதியிலேயே அழுதுவிட்டாள்.

“அப்ப நீ ஆருக்கும் சொல்லேல்லை?”

“சத்தியமா இல்லையம்மா. என்னட்ட இருந்து களவெடுத்திட்டாங்கள். அழிக்கச் சொன்னா இப்பவே அழிக்கிறன்.”

அம்மா எழுந்து, தன் கதிரையைச் சுகந்திக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

“அழிக்காத. இன்னும் சொல்லக் கிடக்கு. அதையும் பதி.”

சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைப்பையிலிருந்து சின்ன ரெக்கோடர் ஒன்றை எடுத்தாள். “இதில இன்டர்நெட் இல்லையம்மா. வேற ஒருத்தருக்கும் கேக்காது.”

“கேட்டாலும் கேக்கட்டும் பிள்ளை. என்ர மகள் எங்க எண்டு தெரிஞ்ச ஆரும் அவங்களுக்குள்ள இருக்கலாம்தானே? அவங்களிட்டயும் கேப்பம்.”

ஒட்டுக்கேட்கிறவனிடமே கேட்க ஒரு கேள்வி வைத்திருப்பவரை, எதைக் காட்டிப் பயமுறுத்துவது?