வெல்டர் ஏகாம்பரம் சொன்ன வேதம்

போன வாரம் மணலியில் ஒரு புதுமனைப் புகுவிழா. சாஸ்திரிகள் கைப்பேசியை ஒரு குட்டி ஸ்பீக்கரோடு இணைத்து வேதத்தை ஓடவிட்டுவிட்டு, இட்லி ஆறிவிடுமே என்று பந்திக்குப் போய்விட்டார். நடுவில் பிரஷர் குக்கர் விளம்பரம் வந்தது. கைகூப்பியபடியே அதையும் பக்தியோடு கேட்டோம். ஹோமப் புகை கண்ணில் ஏறியதும் எனக்கு ஏகாம்பரம் ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசி. திருவொற்றியூரில் ஒரு வார்ப்பட ஆலையில் நான் குமாஸ்தா. எங்கள் பர்சனல் ஆபீசருக்குத் திடீரென்று ஞானம் பிறந்து (வேலைநிறுத்தம் முடிந்த கையோடு பிறந்தது), கேரம் போர்டு அறையில் மாலை வேத வகுப்பு தொடங்கினார். 'அனைவரும் வரலாம்' என்று நோட்டீஸ். இப்படி எழுதுவதே யாரும் நம்பி வந்துவிட மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான். புளியந்தோப்பிலிருந்து சைக்கிளில் வேலைக்கு வரும் வெல்டர் ஏகாம்பரம் நம்பி வந்துவிட்டார்.

சொல்லிக்கொடுத்தவர் ஒரு வயதான கனபாடிகள். புத்தகம் கிடையாது, அவர் ஒரு முறை சொன்னால் நாங்கள் இரண்டு முறை சொல்ல வேண்டும். சொற்களை முன்னும் பின்னுமாகப் பின்னிச் சொல்லும் 'ஜடை' வந்ததும் நான் கழன்றுகொண்டேன், மனதால் மட்டும். உடம்பு ஆபீசருக்குப் பயந்து உட்கார்ந்திருந்தது. ஏகாம்பரம் தண்ணீர் குடிப்பது போலச் சொன்னார்.

"இன்னா சார் கஷ்டம்? முன்னால போய்ப் பின்னால வந்து ஒட்டணும். வெல்டிங்லயும் அதானே. நடுவுல விரிசல் வுடக்கூடாது."

புது உலைக்குப் பூஜை வந்தது. மேடையில் கனபாடிகளோடு ஓத ஐந்து பேரை ஆபீசரே பொறுக்கினார். என் நிறத்துக்கு முதலிடம் கிடைத்தது. "நீங்க வாய் அசைச்சா போதும்" என்றார். ஏகாம்பரத்திடம், "நீ பின்னால ஆம்ப்ளிபயரைப் பாத்துக்கோ."

பாதியில் புகை முட்டி, கனபாடிகள் இருமினார், நின்றுவிட்டார். நாங்கள் ஐவரும் மும்முரமாக வாய் அசைத்துக்கொண்டிருந்தோம். சத்தம்தான் வரவில்லை. அப்போது பந்தலுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், விட்ட இடத்திலேயே பிடித்து, ஸ்வரம் பிசகாமல் எழுந்தது. இரண்டு வரிக்கு ஒரு இருமலும் சேர்ந்து வந்தது. கனபாடிகள் கண்ணை மூடித் தலையாட்டி, அதோடு சேர்ந்துகொண்டார்.

முடிந்ததும் கேட்டார்: "யார் எடுத்துக் கொடுத்தா? பேஷ்."

"டேப் போட்டிருந்தோம் சாமி" என்றார் ஆபீசர்.

"டேப் இருமறதா?"

ஆபீசர் என்னைப் பார்த்தார். நான் மாலையைக் கழற்றுவதில் கவனமானேன். ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த ஏகாம்பரத்தின் கை ஒரு கணம் நின்றது. பிறகு சுருட்டினார். மறுவாரம் கேரம் போர்டு அறை கேரம் போர்டுக்கே திரும்பிவிட்டது.

வெகுநாள் கழித்து, சாத்தாங்காட்டில் ஏகாம்பரம் வைத்திருந்த கிரில் பட்டறைக்குப் போனேன். அந்த வேதம் இன்னும் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"கத்துக்க கிளாஸ் வெச்சாங்க. மறக்கறதுக்கு எங்க சார் வெச்சாங்க?" என்று சிரித்து, டீ சொன்னார்.

அன்றாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். டீ நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆலை இருந்த இடத்தில் இப்போது கண்டெய்னர் அடுக்குகிறார்கள். கனபாடிகள் போனார், ஆபீசர் போனார், போன ஆண்டு ஏகாம்பரமும் போனார். அது டேப் இல்லை என்று இனி நான் யாரிடம் போய்ச் சொல்ல?