கடப்பாக்கத்தில் தாளம் நின்ன கதை

எனக்கு வயசு அறுபத்தெட்டு. பெத்தது மூணு, தங்கச்சி விட்டுட்டுப் போனது ரெண்டு, ஆக அஞ்சு பேரை வளர்த்தேன். எல்லாம் கச்சேரிச் சோறு. செங்கல்பட்டுல எங்க மெல்லிசைக் குழுவை நான்தான் நடத்துறேன். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதுக்கு மேல எழுத பேத்தி இருக்கா. புதுசா குழு வைக்கிற பிள்ளைங்க, தாளத்துக்கு சின்தசைசர் வாங்கலாமா, ஒரு ஆள் தட்டி வாசிக்கிற ட்ரம் மெஷின் தனியா வாங்கலாமான்னு கேக்குதுங்க. அதுக்குத்தான் இது.

தாளம் தட்டுற எங்க பழைய ரிதம் பேடு கெட்டுப்போச்சு. ஒரு மெஷின்தான் வாங்க முடியும். கீபோர்டு வாசிக்கிற செல்வம், "பெரிய சின்தசைசரா வாங்குக்கா. பம்பை, உடுக்கை எல்லாம் அதுலயே கீது. பட்டனை அமுத்தினா தாளம் தானா போய்க்கினே இருக்கும்" என்றான்.

பேடு வாசிக்கிற மணி, "அப்போ நான் இன்னாத்துக்கு?" என்றான்.

"நீ ஒயரு சுத்து மச்சான்."

எல்லாரும் சிரிச்சோம். மணி சிரிக்கலை. பதினெட்டு வருஷமா எனக்கு வாசிச்சவன். அவனுக்கு வேற வேலை தெரியாது.

நான் சின்தசைசர்னுதான் சொன்னேன். வாங்கறதுக்கு முன்னாடி, ஒரு கச்சேரிக்கு வாடகைக்கு எடுத்தோம். ஆடி மாசம், கடப்பாக்கத்துல அம்மனுக்குக் கூழ் வார்க்கிற ஞாயித்துக்கிழமை. மணியை பாக்ஸ் தூக்கக் கூட்டிக்கினு போனேன்.

உச்சி வெயில். நான் அம்மன் பாட்டு பாடுறேன். மீன் விக்கிற பொம்பளை ஒருத்திக்கு அருள் வந்துச்சு. அருள் வந்தா, கற்பூரம் காட்டி அம்மனை மலையேத்தி அனுப்புற வரைக்கும் தாளம் நிக்கக் கூடாது. நடுவுல நின்னா அந்த ஆளுக்கு ஆகாதுன்னு அங்க பயம். பாட்டு முடிஞ்சுது. செல்வம் பழக்கதோஷத்துல அடுத்த பாட்டோட செட்டிங்கை அமுத்திட்டான். ஓடிக்கினு இருந்த தாளம் நின்னுபோச்சு.

அந்தப் பொம்பளைக்குக் கண்ணு மேல சொருகிச்சு. கை கால் வெட்டி இழுத்துச்சு. பூசாரி, "யோவ், அடிங்கய்யா! இன்னாத்துக்கு நிறுத்தினீங்க?" என்று கத்தினார். அவ புருஷன் மேடை ஏறிட்டான். செல்வம் பட்டனைத் தேடி அமுத்தினா டிஸ்கோ வருது.

மணி, சின்தசைசர் வந்த காலிப் பொட்டியைக் கவுத்துப் போட்டான். ரெண்டு கையாலயும் பம்பை அடி அடிச்சான். நான் மைக்கைப் பொட்டிகிட்ட பிடிச்சேன். அந்தப் பொம்பளை தாளத்துக்குக் காலை எடுத்து வச்சா. அவ வேகம் கூடினா இவனும் கூட்டினான், தளர்ந்தா தளர்ந்தான். கற்பூரம் காட்டி, மலையேறி, அவ தண்ணி கேட்ட பிறகுதான் கையை எடுத்தான். உள்ளங்கை தோல் உரிஞ்சிருந்துச்சு.

திரும்பும்போது வேன்ல செல்வம், "தப்பா அமுத்திட்டேன்கா" என்றான்.

"ரெண்டு ஆள் வேலையை உன் ஒருத்தன்கிட்ட குடுத்தேனே, அது என் தப்பு" என்றேன். அப்புறம் மணியைப் பார்த்து, "ட்ரம் மெஷின் வாங்குறோம். எதுன்னு நீ சொல்லு" என்றேன்.

"ஒயரு யாரு சுத்துவாங்கக்கா?"

"செல்வம்."

சின்தசைசர் மோசமில்லை. ரிசப்ஷனுக்கு அது போதும். அங்க பாட்டு வரிசை முன்னாடியே தெரியும். எதிர்ல ஆடுற ஆளைப் பார்த்து அடிக்கணும்னா தனி மெஷின் வேணும், அதுக்குன்னு ஒரு ஆளும் வேணும்.

எழுதிட்டியாம்மா? படி பார்க்கலாம். என் தப்புன்னு சொன்னேனே, பாட்டி பேரு கெடக் கூடாதுன்னு அதை எழுதாம விட்டிருப்பே. முதல்ல அந்த இடத்தைப் படி.