வலையில் சிக்கிய ஊசிவால் வாத்து

பூநாரை பார்க்கத்தான் இன்று காலை இங்கே ஆந்திரப் பக்கம் சத்தியவேட்டிலிருந்து தடாவுக்குப் பஸ் ஏறினேன்.

பழவேற்காடு ஏரியில் பூநாரைகள் வெகு தூரத்தில் நின்றன. பக்கத்தில் இருந்தது ஒரு ஊசிவால் வாத்துதான், மீன் வலையில் சிக்கித் துடித்துக்கொண்டு.

வலைக்குச் சொந்தக்காரம்மா வலையை அப்படியே கரைக்கு இழுத்து வந்தார்.

"அறுத்து விட்டுடுங்கம்மா, செத்துடும்" என்றேன்.

"அறுத்துட்டா நாளைக்கு என்னா துன்றது?" என்று கேட்டார், கோபமில்லாமல்.

கழுத்தைத் திருகினால் வலையும் தப்பும், குழம்பும் ஆகும். அதுதான் நடக்கப்போகிறது என்று நினைத்தேன்.

அவர் என் துப்பட்டாவை வாங்கி வாத்தின் தலையை மூடினார். "ஆடாம கெட்டியா புட்ச்சிக்கம்மா" என்று என் கையில் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு கண்ணியாகப் பிரிக்க உட்கார்ந்தார்.

படகிலிருந்து அவர் வீட்டுக்காரர், "நேரமாவுது, வா" என்று கூப்பிட்டார்.

"பிரிச்சிக்கினுதானே கீறேன், இருய்யா."

வாத்தின் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடத்துக்கொண்டே இருந்தது.

கடைசிக் கண்ணி கழன்றதும் துப்பட்டாவை எடுத்தோம். வாத்து தண்ணீரைத் தட்டி எழும்பி, நேராகத் தெற்கே பறந்தது. எல்லை பிரித்தபோது தமிழ்நாட்டோடு போன பக்கம் அது.

"தப்பிச்சிடுச்சு" என்றேன்.

அவர் வலையை உதறிக்கொண்டே சொன்னார்: "அங்கயும் எங்க ஆளுங்க வலைதாம்மா கீது."

தமிழ்நாட்டுக் கரை நண்பர்களே, இன்று உங்கள் வலையில் என்ன சிக்கியது?