அண்ணி பிடித்த டார்ச்

அண்ணன் காருக்கு அடியில் படுத்தால் அண்ணிதான் டார்ச் பிடிக்க வேண்டும். வேறு யார் பிடித்தாலும் அவனுக்குச் சரிப்படாது. எனக்கு ஒருமுறை அந்த வாய்ப்புக் கிடைத்தது. அரை நிமிடத்தில், "நீ போய் அவள வரச் சொல்லு" என்று துரத்திவிட்டான். திட்டுவதற்கு வாகான ஆள் நானில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

வேலை தேடி அந்த ஊருக்குப் போய் அவர்கள் வீட்டுச் சின்ன அறையில் ஒண்டிக்கொண்டிருந்த காலம். வீடு நாலாவது மாடியில். கார் நிறுத்துமிடம் தரைக்கு அடியில். பட்டப்பகலிலும் அங்கே பொழுது சாய்ந்த மாதிரிதான் இருக்கும். தூணுக்கு ஒரு குழல்விளக்கு, அதில் பாதி இமைத்துக்கொண்டே கிடக்கும்.

அண்ணன் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவன். ஆனால் அந்தக் கட்டடத்தில் அவனுக்கு 'மெக்கானிக்' என்றுதான் பேர். ஷோரூம் என்று யாராவது சொன்னாலே போதும், அவனுக்கு வயிறு எரியும்.

"ஆயில் மாத்த அவன் என்ன கேக்கறான் தெரியுமா? அந்தக் காசுல நான் மூணு தடவ மாத்துவேன். ஏசி ரூம்ல உக்கார வெச்சு ஒரு காபி குடுப்பான். அந்தக் காபி என்ன விலைன்னு வீட்டுக்கு வந்து பில்லப் பாத்தாதான் தெரியும்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆயில், ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பிரேக் பேட் எல்லாவற்றையும் உதிரிபாகக் கடையில் வாங்கி அவனே மாட்டினான். நன்றாகவும் மாட்டினான். இப்போது கடல் தாண்டி வந்துவிட்ட நான், காரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தாலே ஷோரூமுக்கு ஓடிப்போய்க் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறேன். அண்ணன் பக்கத்தில் இருந்தால் காறித் துப்புவான். துப்பட்டும். நான் யாரையும் டார்ச் பிடிக்கச் சொல்வதில்லை.

"ஏய், முகத்துல அடிக்காத. நட்டுல அடி, நட்டுல" என்று காருக்கு அடியிலிருந்து அண்ணன் கத்துவான்.

"சரிங்க."

"அது நட்டா? அது நட்டாடி? உங்கப்பன் உனக்குக் கண்ணு வெச்சுத்தான் அனுப்பினானா?"

"இங்கயாங்க?"

"ஆடாம பிடி. வேலைய நான் பண்றேன். சும்மா நிக்கறதுக்குக்கூட உனக்கு ஒரு ஆள் சொல்லித் தரணுமா?"

இதெல்லாம் கார்களுக்கு நடுவில், போகிறவர் வருகிறவர் காதில் விழும்படி நடக்கும். கட்டடத்துக் காவலாளி அண்ணியை 'டார்ச்சம்மா' என்றுதான் கூப்பிடுவார். கிண்டல் இல்லை, அவருக்கு வேறு பேர் தெரியாது.

எங்கள் இடத்துக்கு எதிர்த் தூணில் முழங்கால் உயரத்தில் சிமெண்ட் பெயர்ந்த ஒரு காயம் உண்டு. ஒரு தடவை பிரேக் பேட் மாற்றியதும், பெடலை நாலைந்து முறை மிதித்து அழுத்தம் ஏற்றாமலே அண்ணன் வண்டியை நகர்த்திவிட்டான். பெடல் தரைவரை போனது, வண்டி தூணில் போய் நின்றது. இறங்கி வந்து அவன் கேட்ட முதல் கேள்வி, "பக்கத்துலதான நின்ன? மிதிங்கன்னு ஒரு வார்த்த சொல்ல வாய் இல்லையா?" என்பது. பழைய ஆயிலைக் கேனில் ஊற்றிக்கொண்டு போய் அதை வாங்கும் கடையில் கொடுத்துவிட்டு வருவதும் அண்ணி வேலை. நகக்கண்ணில் அந்தக் கறுப்பு இருந்துகொண்டே இருக்கும்.

அதில்தான் அவருக்குச் சங்கடம். அண்ணி ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்த்தார். ரத்தக் கறை படிந்தவை, மருந்துக் கறை படிந்தவை, வெறும் வியர்வைத் துணி என்று பிரித்து, ஆள் உயர இயந்திரங்களில் போட்டு எடுத்து, மடித்து, வார்டு வாரியாகத் தள்ளுவண்டியில் அடுக்க வேண்டும். "வெள்ளத் துணியத் தொடற கையாம்மா இது?" என்று மேற்பார்வையாளரம்மா எல்லார் முன்னாலும் அவர் விரல்களைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அண்ணி அதைச் சொன்னபோது அண்ணன் சிரித்தான். "பாத்தியா, ஓசில உனக்கு ஒரு தொழில் கத்துக் குடுத்திருக்கேன்" என்றான்.

அந்த மேற்பார்வையாளரம்மா வேலையை விட்டுப் போகும் சமயம் வந்தது. காலை ஷிப்டின் பொறுப்பை அண்ணியை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். விரல்களைத் தூக்கிக் காட்டிய அதே அம்மாதான் சிபாரிசு செய்தாராம். ஒரே நிபந்தனை. ஆபரேஷன் அறைகளுக்கான துணி முதலில் போயாக வேண்டும், அதனால் பொறுப்பில் இருப்பவர் ஐந்தரைக்குள் உள்ளே இருக்க வேண்டும். முதல் பஸ் வருவதே அதற்குப் பிறகுதான்.

அண்ணிக்குக் கார் ஓட்டத் தெரியும். கல்யாணத்துக்கு முன் அவர் அப்பாவின் சரக்கு வேனை ஊர் முழுக்க ஓட்டியவர். லைசென்ஸைத் தவறாமல் புதுப்பித்து வைத்திருந்தார். அண்ணன் அலுவலகமோ கால் மணி நேரப் பயணம். எட்டு மணிக்கு வாசலிலேயே பஸ்.

"என்னங்க, காலைல மட்டும் வண்டிய நான் எடுத்துட்டுப் போறேனே."

அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "எந்த வண்டிய?"

"நம்ம வண்டிய."

"நம்ம வண்டி!" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "வேன் ஓட்டின காலு. மிதிச்சா கிளட்ச் ஒரு வாரம் தாங்குமா? அப்புறம் கிளட்ச்சுக்கு யாரு, உங்கப்பன் வந்து அழுவானா?"

நான் குழம்பைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அந்த வீட்டில் இருந்தவரை நான் நிறையக் குழம்பு பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் அவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. குனிய முடியவில்லை, டாக்டர் பெல்ட் போட்டுவிட்டார். சரியாக அதே வாரம் முன் பிரேக் கீச்சிட ஆரம்பித்தது. பேட் தேய்ந்துவிட்டது. வெளியே கொடுக்க மனமில்லை, வலியைப் பொறுத்துக்கொண்டு படுக்கவும் முடியவில்லை. கடைசியில் அவனே இறங்கி வந்தான்.

"நீ மாத்திருவியா?"

"மாத்தினா?"

"மாத்து. அப்புறம் வண்டி விஷயத்தப் பாக்கலாம்."

அண்ணி அதை வாக்காக எடுத்துக்கொண்டார். மறுநாளே ஆஸ்பத்திரியில் பொறுப்பை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கீழே போனோம். அண்ணன் இடுப்பு பெல்ட்டோடு பிளாஸ்டிக் நாற்காலியில். கையில் டார்ச். அண்ணி தரையில். வீல் நட்டைத் தளர்த்தி, ஜாக்கி ஏற்றி, சக்கரத்தைக் கழற்றி, பேடுகளைக் கவ்வியிருக்கும் காலிப்பரின் கீழ் போல்ட்டை எடுத்து அதை மேலே மடக்கினார். தேய்ந்த பேடுகளை உருவினார். பிஸ்டனைக் கிளாம்ப் வைத்துப் பொறுமையாக உள்ளே தள்ளினார். எங்கேயும் தயங்கவில்லை. வெளிச்சம் விழும் இடத்தைத்தானே இத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் விடவில்லை. "அத இல்ல. அவசரப்படாத. உனக்கு என்ன தெரியும்? ஏய், சொல்றது காதுல விழுதா?"

"கொஞ்சம் கீழ அடிங்க" என்றார் அண்ணி. அவ்வளவுதான் பேசினார்.

இரண்டு பக்கமும் முடிந்தது. பெடலை மிதிக்க ஓட்டுநர் இருக்கையில் ஏறப் போனார். அண்ணன் நாற்காலியை விட்டு முனகிக்கொண்டே எழுந்து வந்து, அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிச் சாவியை உருவிக்கொண்டான்.

"மிதிக்கறதுக்குச் சாவி எதுக்கு?"

அண்ணி மிதித்தார். பெடல் கெட்டிப்பட்டது. இறங்கி வந்து கை கழுவினார், நகக்கண் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து அண்ணியின் போனுக்கு ஓர் அழைப்பு. அண்ணன் எந்தக் கடையிலும் தன் நம்பரைத் தரமாட்டான், விளம்பரக்காரர்கள் தொல்லை என்று அண்ணி நம்பரைத்தான் கொடுப்பான். பேசியது ஒரு பெண். குரலில் தேன்.

"ஷோரூம் சர்வீஸ்லேர்ந்து பேசறேன் மேடம். நேத்து உங்க கார் பிரேக் வேலைக்கு வந்துச்சு இல்லீங்களா, சர்வீஸ் திருப்தியா இருந்துச்சா?"

அண்ணிக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. "என்ன வேலைக்கு?"

"முன் பக்க பிரேக் பேட் மாத்தினோம் மேடம். உண்மையச் சொன்னா, வண்டில இருந்ததே புது பேடுதான். சரியாத்தான் மாட்டியிருந்துச்சு. மாத்த வேணாம்னு நாங்களே சொன்னோம். சார்தான் கழட்டிட்டு கம்பெனி பேட் போட்டே ஆகணும்னு நின்னாரு."

"சரிம்மா."

"அஞ்சு மார்க்குக்கு எவ்வளவு குடுப்பீங்க மேடம்?"

"அஞ்சும் குடுக்கறேன்" என்றார் அண்ணி.

கீழே போய்ப் பூட்டு கெட்டுக் கிடந்த டிக்கியைத் திறந்து பார்த்தார். ஷோரூம் பேர் போட்ட பிளாஸ்டிக் பையில் நாலு பேடும் இருந்தன. பேடுகளின் பின்புறம் அண்ணி விரலால் தடவிய கிரீஸ் அப்படியே இருந்தது, விரல் ரேகைகூட அழியவில்லை. ஓட்டுநர் காலடியில் ஷோரூம்காரர்கள் விரித்த காகிதம். வாழ்நாளில் ஒரு பல்புக்குக்கூட அந்த வாசலை மிதிக்காத மனிதன், ஏசி அறையில் காபி குடித்துவிட்டு வந்திருக்கிறான்.

சாயங்காலம் அந்தப் பையைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார்.

அண்ணன் கூச்சப்படவே இல்லை. "பிரேக்குடி அது. விளையாட்டா? நீ மாட்டினத நம்பி நான் தினமும் ரோட்டுல போகணுமா?"

"நல்லாத்தான் இருக்குன்னு அவங்க சொன்னாங்களாமே."

"அவன் ஆயிரம் சொல்லுவான்."

"திங்கக்கிழமைலேர்ந்து நான் அஞ்சரைக்குப் போகணும். வண்டி தரேன்னு சொன்னீங்க."

"பாக்கலாம்னு சொன்னேன். பாத்தேன். இப்பதான் இவ்வளவு செலவு பண்ணிட்டு வந்திருக்கேன், அத உன்கிட்டத் தூக்கிக் குடுப்பேனா? நடந்து போ. உடம்புக்கு நல்லது." பிறகு என் பக்கம் திரும்பி, "எப்படி?" என்றான், நல்ல நகைச்சுவையைச் சொல்லிவிட்ட மாதிரி. நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அண்ணி என்னைப் பார்த்த பார்வை அப்படி இருந்தது.

ஷோரூமில் கொட்டிய பணம் அண்ணனை அரித்தது. அதை எங்காவது மீட்க வேண்டும். இடுப்பு முழுதாகச் சரியாகாமலே, அந்த ஞாயிற்றுக்கிழமை ஆயில் மாற்றக் கிளம்பிவிட்டான். நான் மேலேயே இருந்துவிட்டேன். இனிச் சொல்வது, துணி மடித்துக்கொண்டே அண்ணி என்னிடம் சொன்னது. அண்ணனிடம் கேட்டுச் சரிபார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பழைய கதவுப் பலகையில் அவனே அடித்த இரண்டு மரச் சாய்தளங்கள் உண்டு. முன் சக்கரங்களை அதன்மேல் ஏற்றி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அட்டைப்பெட்டியை விரித்து உள்ளே நகர்ந்தான். அந்த இடுப்போடு தானாக வெளியே வர முடியாது, வேலை முடிந்ததும் அண்ணிதான் கை கொடுத்து இழுக்க வேண்டும். ஆயில் அடைப்பைத் திறந்தான். சூடான ஆயில் அவன் காதோரத் தட்டில் கொட்ட ஆரம்பித்தது.

"எங்கடி அடிக்கற? இந்தப் பக்கம். சனியனே, இந்தப் பக்கம்."

அண்ணி டார்ச்சை அணைத்தார்.

"ஏய், என்ன ஆச்சு? பாட்டரி போச்சா?"

கார்க் கதவு திறக்கும் சத்தம். அண்ணி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். வண்டி ஒரு விரல்கடை இறங்கியது. கதவுப் பலகை கிறீச்சிட்டது.

"ஏய்! இறங்கு. நான் அடியில இருக்கேன்."

"தெரியுங்க."

அண்ணி இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். வண்டி லேசாகக் குலுங்கியது. கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார். கீழே மூச்சு வாங்குவது கேட்டது.

"விளையாடாத. பலக தாங்காது."

"நீங்க அடிச்ச பலகதான."

பிறகு ஹேண்ட் பிரேக்கில் கை வைத்து, ஏற்கெனவே போட்டிருந்ததை இன்னும் ஒரு பல் மேலே இழுத்தார். இறுக்கத்தான் செய்தார். ஆனால் கீழே படுத்திருந்தவன் காதில் விழுந்தது ஒரு 'கடக்' மட்டும்.

"அம்மா... வேணாம்மா. சொன்னாக் கேளும்மா. பிரேக்க எடுக்காத." கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் அண்ணியை 'அம்மா' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவையாம். "என்ன வேணும் உனக்கு? சொல்லும்மா."

"சாவி."

காருக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. முழங்கைவரை கறுப்பு. விரல் நுனியில் சாவி. அண்ணி இறங்கி அதை வாங்கினார். துடைத்தார். கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு நான் கிளம்பணும். முடிங்க."

டார்ச்சை ஏற்றிச் சரியாக நட்டின்மேல் அடித்தார். துளி ஆடவில்லை. அண்ணன் ஃபில்டரை மாற்றி, அடைப்பை முறுக்கி, ஒரு சத்தமும் போடாமல் வேலையை முடித்தான். முடித்துவிட்டு, எப்போதும் போல இடது கையை வெளியே நீட்டினான்.

"கை குடும்மா. இடுப்பு வலிக்குது, எழுந்திரிக்க முடியல."

அண்ணி நின்ற இடத்திலேயே நின்றார்.

"டார்ச் ஆடிடும்ங்க" என்றார்.